கேட்க உரிமை உண்டு... கேட்டால் வழக்கா?

டங்ஸ்டன் சுரங்கத்தைத் தடுத்து நிறுத்திய மேலூர் கிராமங்கள், அரசியலமைப்பு தந்த சுதந்திரங்கள் நம் மண்ணில் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் வெளிச்சம் போட்டுக் காட்டியிருக்கின்றன.

பொங்கலுக்கு ஏழே நாள். வயலிலும் வீட்டிலும் வேலை குவிந்துகிடக்கும் நேரம். அத்தனையையும் போட்டுவிட்டு, 2025 ஜனவரி 7 அன்று மேலூர் வட்டாரத்து ஜனங்கள் நரசிங்கம்பட்டியில் திரண்டார்கள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிய பெண்கள், தோளில் துண்டோடு பெரியவர்கள், கல்லூரி வயதுப் பிள்ளைகள், டிராக்டர்கள், டூவீலர்கள் என்று நான்குவழிச் சாலையில் கூட்டம் மதுரையை நோக்கி நகர்ந்தது. போலீஸ் தடுத்துப் பார்த்தது, கூட்டம் நிற்கவில்லை. 15 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து, தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. டெல்லிக்கு ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், மதுரைக்காரர்களின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மத்திய அரசு தபால் ஆபீஸ்தானே!

சொல்ல வந்தது ஒன்றுதான். எங்கள் மலையையும் ஏரியையும் நிலத்தையும் சுரங்கத்துக்குத் தர மாட்டோம்.

பதினாறே நாளில், ஜனவரி 23 அன்று, ஏலத்தை ரத்து செய்தது மத்திய சுரங்க அமைச்சகம். ஊர்களில் வெடி வெடித்தது, இனிப்பு கைமாறியது. அதே வாரத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. போராடிய 11,608 பேர் மீது போடப்பட்டிருந்த வழக்குகளைத் தமிழக அரசு வாபஸ் பெறுகிறது என்பதே அது.

முதல் செய்தியை எல்லோரும் கொண்டாடினோம். இரண்டாவது செய்திக்கு நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டோம். ஆனால், நின்று கேட்கவேண்டிய கேள்வி அதில்தான் இருக்கிறது. எங்கள் ஊரைக் காப்பாற்று என்று அரசிடம் கேட்கப் போன பல்லாயிரம் பேர் மீது, முதலில் வழக்கு ஏன் வந்தது?

ஏலம் போன ஊர்

மதுரைக்கு வடக்கே, அழகர்மலைத் தொடருக்கும் மேலூருக்கும் இடையே இருக்கிறது அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள் என்று அரசின் ஆவணமே அந்த வட்டாரத்தைக் கணக்கிடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தைய தமிழிக் கல்வெட்டு, சமணர் படுக்கைகள், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. ஏறத்தாழ 250 பறவை இனங்களும், அவற்றில் லகுடு வல்லூறு, ஷாஹீன் வல்லூறு போன்ற அரிய வேட்டைப் பறவைகளும் இங்கே பதிவாகியுள்ளன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களைச் சேர்ந்த 193 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பகுதியை, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

இரண்டே ஆண்டுகளில், அந்தத் தலத்தின் பெரும்பகுதியையும் உள்ளடக்கி 2,015 ஹெக்டேருக்கு மேல் நிலம் 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி' என்ற பெயரில் ஏலத்துக்கு வந்தது. 2023-ல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஏலம்விடும் அதிகாரத்தை மத்திய அரசின் கையில் கொடுத்திருந்தது. 2024 நவம்பர் 7 அன்று வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வானதாக அறிவிப்பு வெளியானது. அங்கே காலங்காலமாகக் குடியிருந்தவர்கள் தங்கள் ஊர் ஏலம் போன செய்தியை அறிவிப்பு வந்தபிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

மேலூர்க்காரர்களுக்கு மலை பறிபோவது புதிதல்ல. கிரானைட் குவாரிகள் குன்றுகளை அறுத்துத் தள்ளிய கதையை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். மதுரை ஆட்சியராக இருந்த உ.சகாயம் 2012-ல் அந்த முறைகேட்டை அரசுக்கு எழுதினார். சமூக ஆர்வலர் டிராஃபிக் ராமசாமி தொடுத்த பொதுநல வழக்கில், 2014-ல் சகாயத்தையே விசாரணைக்கு நியமித்தது உயர் நீதிமன்றம். அரசுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்றது அவரது அறிக்கை. ஒரு மனு எவ்வளவு தூரம் போகும் என்பதை அன்றே இந்த மண் கண்டது.

───────────────
பெட்டிச் செய்தி: 77 நாள்கள்

• 2024 நவம்பர் 7: டங்ஸ்டன் தொகுதி ஏல முடிவு அறிவிப்பு.
• நவம்பர் 23: தள்ளிவைக்கப்பட்டிருந்த உள்ளாட்சிகள் தினக் கிராம சபைகள். மேலூர் வட்டாரத்தில் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானங்கள்.
• டிசம்பர் 9: தமிழகச் சட்டமன்றத்தில் ஒருமனதாகத் தனித் தீர்மானம்.
• டிசம்பர் 24: தொகுதியின் எல்லையை மறு ஆய்வு செய்யுமாறு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டது மத்திய அரசு.
• 2025 ஜனவரி 7: நரசிங்கம்பட்டி முதல் தல்லாகுளம் வரை பேரணி.
• ஜனவரி 22: ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லியில் மத்திய சுரங்க அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்தனர்.
• ஜனவரி 23: ஏலம் ரத்து.
• ஜனவரி 26: முதல்வர் மு.க.ஸ்டாலின் அரிட்டாபட்டி, அ.வல்லாளபட்டிக்கு வந்து மக்களைச் சந்தித்தார்.
───────────────

ஐந்தும் ஒன்று சேர்ந்தபோது...

இந்த 77 நாள்களில் மேலூர் மக்கள் கையில் எடுத்தவை என்னென்ன? கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். மனு கொடுத்தார்கள். கூடினார்கள், நடந்தார்கள், பேசினார்கள். பத்திரிகையும் தொலைக்காட்சியும் அதை ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோயின. மலையும் கோயிலும் தங்கள் வழிபாட்டின் அங்கம் என்றார்கள். அமெரிக்கா 1791-ல் தன் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில் ஒரே வாக்கியத்தில் அடுக்கிய ஐந்து சுதந்திரங்கள் இவைதான்: மதம், பேச்சு, பத்திரிகை, கூடுதல், முறையிடல்.

நம் அரசியலமைப்பில் அவை ஒரே இடத்தில் இல்லை. பத்திரிகைச் சுதந்திரம் என்ற சொல்லே அதில் கிடையாது. ஒவ்வொரு குடிமகனுக்கும் உள்ள பேச்சுரிமைதான் பத்திரிகைக்கும். அதற்கென்று தனியாக எழுத வேண்டியதில்லை என்று அரசியல் நிர்ணய சபையில் விளக்கினார் அம்பேத்கர். முறையிடும் உரிமைக்கும் அடிப்படை உரிமைகள் வரிசையில் தனி இடம் இல்லை. ஆனால், புத்தகத்தின் பின்பக்கம் போனால் 350-வது பிரிவு இருக்கிறது. குறை தீர்க்கக் கோரி எந்த அதிகாரியிடமும், ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் முறையிடலாம் என்கிறது அது.

அந்தப் பிரிவுக்கு உயிர் கொடுத்த வழக்கும் மதுரையில்தான் நடந்தது. மத்திய ரிசர்வ் போலீஸ் தேர்வுக்குத் தமிழகத்தில் மையம் கேட்டு மதுரை எம்.பி. சு.வெங்கடேசன் 2020-ல் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். டெல்லியிலிருந்து இந்தியில் பதில் வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில், ஆங்கிலத்தில் வந்த முறையீட்டுக்கு ஆங்கிலத்தில்தான் பதில் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முறையிட்டவருக்குப் புரியும்படி பதில் சொல்வதும் அரசின் கடமை என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். மேலூரில் வெறும் மனுவோடு நின்றிருந்தால் அது ஏதோ ஒரு மேசையில் கிடந்திருக்கும். மனுவுக்குப் பின்னால் கூட்டம் இருந்தது. கூட்டத்தைக் காட்ட கேமரா இருந்தது. கேமராவின் முன் பயமில்லாமல் பேச ஊரில் ஆள் இருந்தது. ஒரு சுதந்திரம் முடங்கினால் மற்ற நான்கும் பாதி உயிரோடுதான் இருக்கும்.

───────────────
பெட்டிச் செய்தி: அரசியலமைப்பில் எங்கே?

• பேச்சு, பத்திரிகை: பிரிவு 19(1)(அ). கட்டுப்பாடுகள் 19(2)-ல்.
• கூடுதல்: பிரிவு 19(1)(ஆ). அமைதியாக, ஆயுதமின்றி. கட்டுப்பாடுகள் 19(3)-ல்.
• மதம்: பிரிவுகள் 25 முதல் 28 வரை. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டது.
• முறையிடல்: பிரிவு 350. அடிப்படை உரிமை பறிபோனால் உச்ச நீதிமன்றத்துக்கு 32, உயர் நீதிமன்றத்துக்கு 226.
• கிராம சபை: பிரிவு 243ஏ.
───────────────

சாலைக்கு வந்தால் குற்றமா?

கூடும் உரிமைக்குத் தடை போடும் சட்டங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர் காலத்தவை. மாவட்டத்தில் ஊர்வலம் என்றால் 1861-ம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30(2)-வது பிரிவு. மாநகருக்குள் என்றால், சென்னைக்காக 1888-ல் இயற்றப்பட்டு மதுரைக்கும் நீட்டிக்கப்பட்ட நகரக் காவல் சட்டம். அதன்படி ஐந்து நாள் முன்னதாக அனுமதி கேட்க வேண்டும். இவை போதாதென்றால் 144 தடை உத்தரவு. 2024 ஜூலை முதல் அதற்குப் புதிய எண் 163.

கூடுவதை ஒழுங்குபடுத்தலாம், அடியோடு மறுக்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1972-லேயே, அகமதாபாத்தைச் சேர்ந்த ஹிம்மத்லால் ஷா வழக்கில் சொல்லிவிட்டது. எல்லாத் தெருவையும் எல்லா மைதானத்தையும் மூடிவிட்டு, 'உரிமை இருக்கிறது' என்று அரசு சொல்ல முடியாது. மாற்றுக் கருத்தை ஒடுக்க 144-ஐப் பயன்படுத்தக் கூடாது என்று 2020-ல், அனுராதா பாசின் வழக்கில் மறுபடியும் சொன்னது.

இதைவிட நமக்கு நெருக்கமானது மதுரைக் கிளை 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் தந்த தீர்ப்பு. அமைதியாகப் போராடுகிறவர்கள் மீது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 என்று வழக்கமான மூன்று பிரிவுகளைப் போட்டு எஃப்.ஐ.ஆர். பதியும் பழக்கத்தை அது கேள்வி கேட்டது. அரசு உத்தரவை மீறினார்கள் என்பதற்காக போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, சம்பந்தப்பட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துபூர்வமாகப் புகார் தர வேண்டும். அமைதியான ஆர்ப்பாட்டம் தன்னாலேயே 'சட்டவிரோதக் கூட்டம்' ஆகிவிடாது. இவ்வளவு தெளிவான தீர்ப்புக்குப் பிறகும் ஒவ்வொரு போராட்டத்துக்கும் ஆயிரக்கணக்கில் வழக்குகள் வருகின்றன. நீதிமன்றம் சொன்னது காவல் நிலையத்தின் எழுத்தர் மேசைவரை இன்னும் வந்து சேரவில்லை.

'வழக்குதான் வாபஸ் ஆகிவிடுகிறதே' என்று சிலர் கேட்கக்கூடும். 2017 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். அலங்காநல்லூரிலும் தமுக்கம் மைதானத்திலும் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்த பிள்ளைகள் மீதான வழக்குகளை வாபஸ் பெறுவதாக அரசு அறிவித்தது 2021 பிப்ரவரியில்; சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு. நடுவில் போனது நான்கு ஆண்டுகள். நிலுவையில் வழக்கு இருந்தால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும். அரசு வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பிலும் சொல்லியாக வேண்டும். இருபது வயதுப் பையனுக்கு நான்கு ஆண்டு என்பது வாழ்க்கையின் திசையே மாறிப்போகும் காலம். 'நீ எதுக்குப்பா முன்னாடி போய் நிக்கிற?' என்று அம்மா அடுத்தமுறை கையைப் பிடித்து நிறுத்துவாள். வழக்கு தண்டனையில் முடியாமல் போகலாம். பயத்தை விதைக்கும் வேலையை அது முதல் நாளே முடித்துவிடுகிறது.

அரிட்டாபட்டிக்கு அதிர்ஷ்டம் இருந்தது. மாநில அரசும் எதிர்க்கட்சியும் அந்த விஷயத்தில் மக்கள் பக்கம் நின்றன. எல்லாக் கட்சியும் எதிரே நிற்கும் ஒரு சிற்றூர் நாளைக்குச் சாலைக்கு வந்தால், அதன் வழக்கை யார் வாபஸ் வாங்குவார்கள்? ஆட்சியில் இருப்பவரின் மனம் இரங்கினால்தான் கிடைக்கும் என்றால் அதற்குப் பெயர் சலுகை. அரசியலமைப்பு நமக்குச் சலுகை தரவில்லை; உரிமை தந்தது.

எழுதினால், பேசினால்...

பேச்சுரிமையில் நம் மாநிலத்துக்குப் பழைய பங்கு உண்டு. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' இதழைச் சென்னை அரசு 1950-ல் தடை செய்தது. ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உடைத்தது. குடியரசு பிறந்து நான்கு மாதத்தில் வந்த தீர்ப்பு அது. அடுத்த ஆண்டே முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து 'பொது ஒழுங்கு' என்ற கட்டுப்பாட்டைச் சேர்த்துக்கொண்டது. அன்று தொடங்கிய இழுபறி இன்றும் ஓயவில்லை.

மதுரை மாவட்டத்தில் அது எந்த அளவுக்குப் போனது என்பதற்கு வாடிப்பட்டி வழக்கு ஒன்று போதும். குடும்பத்தோடு சிறுமலைக்குச் சுற்றுலா போன ஒரு பெரியவர், ஃபேஸ்புக்கில் படங்களைப் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம் என்று விளையாட்டாக எழுதினார். அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேர்ப்பதற்கான பிரிவு வரை போட்டு வழக்கு பாய்ந்தது. காவலில் வைக்க மறுத்தார் வாடிப்பட்டி நீதித்துறை நடுவர். 2021 டிசம்பரில் மதுரைக் கிளை வழக்கையே ரத்து செய்தது. அந்த நடுவர் தாளைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பெரியவர் சிறையில் இருந்திருப்பார். உரிமையின் முதல் காவலர் டெல்லியில் இல்லை. தாலுகா நீதிமன்றத்தில் இருக்கிறார்.

பத்திரிகைச் சுதந்திரத்துக்கு மதுரை கொடுத்த விலை இன்னும் கனமானது. 2007 மே 9 அன்று, ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காக 'தினகரன்' நாளிதழின் மதுரை அலுவலகம் தாக்கித் தீவைக்கப்பட்டது. அங்கே வேலை பார்த்த மூன்று பேர் உயிரிழந்தார்கள். செய்திக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வேலைக்கு வந்தவர்கள், வீடு திரும்பவில்லை. 2009-ல் கீழமை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 17 பேரையும் விடுவித்தது. 2019 மார்ச் 21 அன்றுதான் மதுரைக் கிளை அதை மாற்றி, ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். பத்திரிகையை அரசு மட்டுமே மிரட்டுவதில்லை. கும்பல் மிரட்டும்போது அரசு காப்பாற்றத் தவறுவதும் சுதந்திரத்தைப் பறிப்பதுதான்.

கோயிலும் மலையும்

வழிபாட்டு உரிமைக்காக மதுரை நடத்திய போராட்டம் அரசியலமைப்பைவிட மூத்தது. 1939 ஜூலை 8 அன்று அ.வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்ட சமூகத்தினரை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். பின்னாளில் அமைச்சரான கக்கனும் அவர்களில் ஒருவர். இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவு இந்துக்களுக்கும் திறந்துவிடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கும் 25(2)(ஆ) பிரிவு அதற்குப் பத்தரை ஆண்டுகளுக்குப் பிறகே நடைமுறைக்கு வந்தது.

இன்றைய சோதனை திருப்பரங்குன்றம். சுப்பிரமணிய சுவாமி கோயிலும் சிக்கந்தர் பாதுஷா தர்காவும் ஒரே மலையில். யாருக்கு எது என்ற வழக்கு 1931-ல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்வந்தது. 2025 பிப்ரவரியில் சர்ச்சை மீண்டும் கிளம்பியபோது மாவட்ட நிர்வாகம் 163-வது பிரிவில் தடை விதித்தது. மதுரைக் கிளை, நிபந்தனைகளோடு பழங்காநத்தத்தில் ஒரு மணி நேரம் போராட அனுமதித்தது. கோரிக்கை நமக்குப் பிடித்ததா, பிடிக்காததா என்பது இங்கே அளவுகோல் ஆகக் கூடாது. அமைதியாகக் கூடுகிறார்களா என்பதே அளவுகோல். அதேநேரம், ஒருவரின் கூடும் உரிமை பக்கத்து வீட்டுக்காரரின் வழிபாட்டு நிம்மதியைக் குலைக்கும் இடத்தில் அரசு நடுவில் நிற்கத்தான் வேண்டும். அந்த எல்லையை ஒவ்வொரு முறையும் எழுத்தில், காரணத்தோடு சொல்வதுதான் நியாயமான நிர்வாகம்.

ஊருக்குள் யார் பேசலாம்?

மேலூரின் வெற்றியைப் பாடும்போது மேலவளவை மறக்கக் கூடாது. 1997 ஜூன் 30 அன்று, அதே மேலூர் வட்டத்தில், ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித்தான முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் படுகொலை செய்யப்பட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதற்காகப் பத்து ஆண்டுகள் முறையான தேர்தலே நடக்கவில்லை, 2006-ல்தான் நடந்தது.

பேச்சையும் கூடுவதையும் தடுப்பது போலீஸ் மட்டும் அல்ல என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டாம். கிராம சபையில் ஒரு தலித் பெண் எழுந்து 'எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை' என்று சொல்லும்போது ஊர் காதுகொடுக்கிறதா? டங்ஸ்டனுக்கு எதிராக ஒன்றாய் நின்ற ஊர்கள், அந்த ஒற்றுமையைச் சேரித் தெருவரை நீட்டினால்தான் அது முழுமையாகும்.

இன்னொரு உறுத்தலும் இருக்கிறது. தீர்மானம் போட்ட ஊராட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகத்தின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்தது. பேரணி நடந்த அன்று அந்த ஊர்களுக்குத் தலைவர்கள் இல்லை. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போயிருந்தது. உரத்துக் கேட்கும் ஊருக்குத் தேர்ந்தெடுத்த தலைவர் வேண்டும். உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவது அந்தக் குரலைக் குறைக்கும் வேலை.

செய்ய வேண்டியது என்ன?

அரசு செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, ஜீவானந்தம் வழக்கின் 2018 தீர்ப்பைச் சுற்றறிக்கையாக ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் அனுப்பி, அமைதியான போராட்டத்துக்கு எஃப்.ஐ.ஆர். போடும் பழக்கத்தை நிறுத்துவது. இரண்டு, போராட்ட அனுமதி கேட்டால் குறித்த காலத்துக்குள் எழுத்தில் பதில். மறுத்தால் காரணமும் மாற்று இடமும். கடைசி நிமிடத்தில் மறுத்துவிட்டு மக்களை நீதிமன்றத்துக்கு ஓடவிடுவது முறையல்ல. மூன்று, நிலத்தை ஏலம்விடும் எந்தத் திட்டமும் முதலில் கிராம சபைக்கு வந்து, தமிழில் விளக்கப்பட வேண்டும். ஏலம் முடிந்தபிறகு மக்கள் நடந்தே தல்லாகுளம் வரவேண்டிய நிலை இனி எந்த ஊருக்கும் வரக் கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. பெரும்பாலான ஊர்களில் கையெழுத்து வாங்குவதோடு அது முடிந்துவிடுகிறது. அடுத்த சபைக்குப் போங்கள். வரவு செலவைக் கேளுங்கள். உங்கள் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கக் கேட்டு, பிறகு கையெழுத்திடுங்கள். நகரத்தில் இருப்பவர்களுக்குத் திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. மனுவுக்கு ரசீது வாங்குங்கள். பதில் வரவில்லை என்றால் மறுபடியும் போங்கள். கிராம சபையில் எழுதப்படும் தீர்மானமும் அந்த ரசீதும்தான், ஊருக்கு ஆபத்து வரும் நாளில் நீதிமன்றத்திலும் டெல்லியிலும் நமக்காகப் பேசப்போகின்றன.